நான் ஏன் அந்தப் பெட்டிஷனில் கையெழுத்துப் போடவில்லை

எங்கள் டவுன்ஷிப் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெட்டிஷன் சுற்றியது. டவுன்ஷிப்பில் இருக்கும் இரண்டு ஹைஸ்கூலுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டைக் கல்வி வாரியம் திருத்தப் பார்க்கிறது. ஹைவேயை ஒட்டிய கார்டன் அபார்ட்மென்ட் பிள்ளைகள் வருகிற செப்டம்பரிலிருந்து 'நம்ம' பள்ளிக்கு வருவார்கள். இதை விடக்கூடாது, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள் என்று. இரண்டே நாளில் பட்டியல் நீண்டுவிட்டது. மூன்றாம் நாள் காலை ஒரு தங்கை எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினாள்: "அக்கா, உங்க பேர் மட்டும் காணோமே, லிங்க் ஓப்பன் ஆகலையா?"

லிங்க் ஓப்பன் ஆனது. முழுதும் படித்தேன், இரண்டு தடவை. கையெழுத்துப் போடத்தான் மனம் வரவில்லை. ஒவ்வொருவருக்காகத் தனித்தனியே பதில் சொல்வதைவிட எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும். டீச்சர் வேலை பார்ப்பவளுக்குச் சுருக்கமாகப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: இந்த நியூ ஜெர்சி ஊருக்கு வந்து 26 வருடம் ஆகிறது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் இதே பள்ளியில் படித்து வெளியே வந்தவர்கள். சின்னவன் காலேஜுக்குப் போனதும் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. மாற்று ஆசிரியர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அவன் படித்த பள்ளிக்கே வேலைக்குப் போனேன். 9 வருடமாக, எந்த ஆசிரியர் லீவோ அவர் வகுப்பில் நான். இன்றைக்குக் கெமிஸ்ட்ரி, நாளைக்கு உடற்பயிற்சி, மறுநாள் மரவேலை. பாடம் நடத்துவதெல்லாம் பெரிதாக இல்லை. அட்டெண்டன்ஸ் எடுத்து, ஆசிரியர் வைத்துவிட்டுப் போன தாளைக் கொடுத்து, ரகளை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் ஒரு பள்ளியை அதன் எல்லா அறையிலிருந்தும் பார்க்க இந்த வேலையில்தான் முடியும். துப்புரவுப் பணியாளர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

நமக்கு அந்தப் பள்ளி முதலில் ஓர் எண்ணாகத்தான் அறிமுகமானது, இல்லையா? வீடு தேடும் ஆப்பில் ஒவ்வொரு வீட்டின் படத்துக்கும் கீழே குட்டி வட்டத்தில் பத்துக்கு ஒன்பது என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்கினோம். என் வீட்டுக்காரர் சமையலறை சின்னது என்று இழுத்தபோது, ரேட்டிங்கைக் காட்டி வாயடைத்தவள் நான்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டடம் இருக்கிறது, அந்தக் கட்டடத்துக்கு நமக்கு முன்னால் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கும் ரொம்ப நாள் தோன்றவில்லை.

கட்டடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? 1950களின் கடைசியில் கட்டியது. தட்டைக் கூரை, ஒரே தளம், பின்பக்கம் ஒட்டுப்போட்டு நீட்டிக்கொண்டே போன காரிடார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு 1944-இல் வந்த ஜி.ஐ. பில் சட்டம் வீட்டுக் கடன் உத்தரவாதம் கொடுத்தது. வயல்கள் மனைகளாயின. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் ஹைஸ்கூல் வயதை எட்டியபோது அவசர அவசரமாகப் பள்ளிகளை எழுப்பினார்கள். அந்த அவசரத்தின் பலன், பனி உருகும் மார்ச் மாதத்தில் கூரை ஒழுகி, சி-காரிடாரில் மூன்று மஞ்சள் வாளிகள். பிள்ளைகள் வாளியைப் பார்ப்பதே இல்லை. பேசிக்கொண்டே வருவார்கள், கால் தானாக விலகும். பாய்லர் அறைக்கு இறங்கும் படிக்கட்டுக்கு மேல், கறுப்பு வட்டத்துக்குள் மூன்று மஞ்சள் முக்கோணம் போட்ட தகரப் பலகை இன்னும் தொங்குகிறது. அணுகுண்டு விழுந்தால் ஒதுங்கும் இடம். அந்தக் காலத்துப் பயத்திலிருந்து நமக்கு ஒரு லாபமும் உண்டு. 1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டதும், மறு வருடமே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து கணக்கு, அறிவியல், அயல்மொழிகளுக்குப் பணத்தைக் கொட்டினார்கள். ஏபி (ஹைஸ்கூலிலேயே படிக்கும் காலேஜ் தரப் பாடம்) கால்குலஸை ஒரு வருடம் முன்னதாக எடுக்க முடியுமா என்று நாம் போய் நச்சரிக்கும் கைடன்ஸ் கவுன்சிலர்கள் நாடெங்கும் பெருகியது அந்தப் பணத்தில்தான்.

நூலகத்தில், ஜன்னல் ஓரத்து அலமாரியின் அடித்தட்டில், பழைய இயர்புக்குகள், அதாவது வருடாவருடம் மாணவர் படங்களோடு பள்ளி போடும் புத்தகங்கள், எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஸ்டடி ஹாலை (பாடம் இல்லாத பிள்ளைகள் தாங்களே படிக்கும் நேரம்) பார்த்துக்கொள்ளப் போகிற நாட்களில் தரையில் உட்கார்ந்து புரட்டுவேன். ஆரம்ப கால அட்டைகளைத் திறந்தாலே பழைய பசை வாசனை. பெண்களுக்கு வீட்டு அறிவியல் கிளப், ஆண்களுக்கு ஆட்டோ ஷாப். ஆண்களின் விளையாட்டு அணிகளுக்குப் பக்கம் பக்கமாகப் படம். பெண்கள் சியர்லீடர்களாகக் கைகோத்து நிற்பார்கள். 1970களின் நடுவில் திடீரென்று பெண்கள் கூடைப்பந்து அணிக்கு முழுப் பக்கம், ஒரே மாதிரிச் சீருடை, தனிப் பயிற்சியாளர். 1972-இல் வந்த டைட்டில் நைன் என்கிற சட்டம் செய்த வேலை. அரசுப் பணம் வாங்கும் கல்விக்கூடம் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்று ஒரு வாக்கியம். அது வருவதற்கு முன்பு நாடு முழுக்க ஹைஸ்கூல் விளையாட்டில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு, இன்றைக்கு 30 லட்சத்துக்கு மேல். நம் பெண்கள் டென்னிஸ் ராக்கெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, விளையாட்டு முடிந்து வீட்டுக்குப் போகும் லேட் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வரும்.

முகங்களின் நிறம் மாற ரொம்ப நாள் பிடித்தது. முதல் பத்து வருடப் புத்தகங்களில் கறுப்பினப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். சில வருடம் விரலே தேவையில்லை. 1984 புத்தகத்தில் முதல் தமிழ்ப் பெயரைக் கண்டுபிடித்தேன். கடைசி நான்கு எழுத்தைக் காணோம், கட்டத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது. மீசை அரும்பிய ஒல்லிப் பையன், செஸ் கிளப், ஸ்டேஜ் க்ரூ. அவ்வளவுதான் அவனைப் பற்றி எழுதியிருந்தது.

நம் பெட்டிஷனின் முதல் வரி 'எங்கள் வரிப்பணத்தில் நடக்கும் எங்கள் பள்ளி' என்று ஆரம்பிக்கிறது. அந்த வரிப்பணத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டின் முதல் அரசு ஹைஸ்கூல் 1821-இல் பாஸ்டனில் திறந்தது. அப்போது ஹைஸ்கூல் என்பது ஒருசிலருக்கான சங்கதி. ஊரில் வசதியுள்ளவர்கள், எவன் வீட்டுப் பிள்ளையோ லத்தீன் படிப்பதற்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். மிச்சிகனின் கலமசூ ஊரில் அப்படிக் கேட்டவர்கள் வழக்கே போட்டார்கள். 1874-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி தாமஸ் கூலி, ஊரார் வரியில் ஹைஸ்கூல் நடத்தலாம் என்று எழுதிய தீர்ப்பு மற்ற மாநிலங்களுக்கும் வழி காட்டியது. அதற்குப் பிறகும் 1910 வாக்கில் நூற்றில் ஒன்பது பேர்தான் ஹைஸ்கூல் முடித்தார்கள். 1940-இல் பாதிப் பேர். முப்பதே வருடம்! உலகத்தில் வேறு எந்த நாடும் அப்போது இந்த வேகத்தில் போகவில்லை. அதைச் செய்தது பெரும்பாலும் சின்னச் சின்ன ஊர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகவும் வரி கட்டச் சம்மதித்த ஆட்கள். வாஷிங்டனில் யாரோ உத்தரவு போட்டு நடந்ததில்லை.

போருக்குப் பின் வந்த புறநகரில்தான் இது திரிந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக என்பது போய், அடுத்த வீட்டுக்கு யார் வரலாம் என்று தேர்ந்தெடுத்த பிள்ளைக்காக என்று ஆனது. இதை நாம் யாரும் பள்ளியில் படிக்கவில்லை, ஏனென்றால் நாம் படித்த பள்ளி வேறு தேசத்தில் இருந்தது. லாங் ஐலண்டில் லெவிட் கம்பெனி 1947-இல் ஆரம்பித்துப் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அச்சில் வார்த்த மாதிரிக் கட்டியது; வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை. மத்திய அரசின் வீட்டுக் கடன் காப்பீடும் அதற்குத் துணை போனது. கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதிகளை ஆபத்து என்று குறித்து ஒதுக்கியது. அதே கம்பெனி நம் மாநிலத்தில் வில்லிங்பரோவில் 1958-இல் கடை விரித்தபோதும் கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்றது. 1960-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்ன பிறகுதான் இறங்கிவந்தது. வீடு விற்பதில் பாகுபாடு கூடாது என்று நாடு முழுமைக்கும் சட்டம் வர 1968 ஆனது.

அதற்குள் கோடுகள் எல்லாம் போட்டு முடித்தாகிவிட்டது. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை வைத்து வந்தவை அந்த டவுன்ஷிப் எல்லைகள். பள்ளி எல்லைகள் அவற்றின் மேலேயே படுத்துக்கொண்டன. நியூ ஜெர்சி இத்துனூண்டு மாநிலம். அதில் கிட்டத்தட்ட 600 பள்ளி மாவட்டங்கள்!

கோர்ட் இதைத் தொடப் பார்த்தது. பள்ளியில் இனப் பிரிவினை கூடாது என்ற 1954 பிரவுன் தீர்ப்பு எல்லாருக்கும் தெரியும். இருபது வருடம் கழித்து அதற்கு வேலி போட்ட தீர்ப்பு நமக்கு அவ்வளவாகத் தெரியாது. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளையும் சுற்றியிருந்த 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து அனுப்பலாம் என்று கீழ்க்கோர்ட் சொன்னதை, 1974-இல் மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தள்ளியது. அந்த மாவட்டங்களே தப்பு செய்ததாக நிரூபிக்காதவரை எல்லையைத் தாண்டக்கூடாது என்றது. அதற்கு முந்தைய வருடம் டெக்சாஸ் வழக்கொன்றில், சொத்து வரியால் பணக்கார ஊர்ப் பள்ளிக்கும் ஏழை ஊர்ப் பள்ளிக்கும் வரும் ஏற்றத்தாழ்வை அமெரிக்க அரசியல் சாசனம் தடுக்கவில்லை என்று, அதுவும் 5-க்கு 4. இந்த இரண்டு தீர்ப்பின் நிழலில்தான் நம் பத்துக்கு ஒன்பது நிற்கிறது. நாட்டிலேயே அதிகமான சொத்து வரி நம் மாநிலத்தில். அதில் ஏறக்குறைய பாதி பள்ளிக்குப் போகிறது. வரி ரசீதைப் பார்த்து நாம் விடும் பெருமூச்சு நியாயமானதுதான். ஆனால் ஒரே டவுன்ஷிப்புக்குள், ஒரே வாரியத்தின் கீழ், அதே வரியில் நடக்கும் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே இருக்கிற கோட்டை நாம் என்னமோ ஆதிகாலத்து மலைத்தொடர் மாதிரிப் பேசுகிறோம். சேர்க்கை கூடும்போதும் குறையும்போதும் வாரியம் அதை நகர்த்தியிருக்கிறது. நம் தெருவே முந்தி அந்தப் பக்கம் இருந்ததுதான். என் பக்கத்து வீட்டு அம்மாள் அந்தப் பள்ளியில் படித்தவர்.

ட்ரென்டன் நகரத்தில் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள், கிளாடிஸ் ஹெட்ஜ்பெத், பெர்லைன் வில்லியம்ஸ். வீட்டுப் பக்கத்துப் பள்ளி இருக்க, கறுப்பினத்தவர் என்பதால் தங்கள் பிள்ளைகளைத் தள்ளி இருந்த வேறு பள்ளிக்குப் போகச் சொன்னதை எதிர்த்து வழக்குப் போட்டு 1944-இல் ஜெயித்தார்கள், பிரவுன் தீர்ப்புக்குப் பத்து வருடம் முன்னால். மூன்று வருடத்தில் நியூ ஜெர்சியின் புதிய அரசியல் சாசனத்திலேயே பள்ளியில் பிரிவினை கூடாது என்று எழுதினார்கள். இந்த மாநிலத்தில் ஓர் அம்மா கல்வி வாரியத்தின் முன்னால் போய் நிற்பதென்றால் எனக்கு இவர்கள் இரண்டு பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். நாமும் போய் நிற்கத்தான் போகிறோம். எதற்காக என்பதுதான் கேள்வி.

சரி, எண்ணுக்குள் அடங்காத பள்ளியைக் கொஞ்சம் காட்டுகிறேன்.

காலை 7:25-க்கு முதல் மணி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே 8:30-க்கு முன்னால் ஆரம்பிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. நம் வாரியம் இன்னும் 'பரிசீலித்துக்கொண்டு' இருக்கிறது. (இதற்கு ஒரு பெட்டிஷன் போடுங்களேன், முதல் கையெழுத்து என்னுடையது.) ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் ஒரே நேரத்தில் இடம் மாறுவார்கள். லாக்கர் பூட்டை வலம், இடம், வலம் என்று திருப்பி, சிக்கிக்கொண்டால் முழங்கையால் ஓர் இடி. பாதிப் பேர் இப்போது லாக்கரையே உபயோகிப்பதில்லை; பதினைந்து பவுண்டை முதுகில் சுமந்துகொண்டே அலைகிறார்கள். அந்த நான்கு நிமிடத்துக்குள் காதல் முறிந்திருக்கும், கெமிஸ்ட்ரி ஹோம்வொர்க் காப்பியடிக்கப்பட்டிருக்கும், ஒன்பதாம் வகுப்பு வாண்டு ஒன்று தவறான காரிடாரில் நின்று கண் கலங்கியிருக்கும். பாத்ரூமில் நடக்கிறதை நான் சொல்லவில்லை. பிஸ்கட்டவே ஹைஸ்கூல் பாத்ரூமில் 1980-இல் சிகரெட் பிடித்து மாட்டிய 14 வயதுப் பெண்ணின் கைப்பையைத் துணை முதல்வர் சோதித்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1985-இல் நாடு முழுக்கப் பொருந்தும் தீர்ப்பானது. நியாயமான சந்தேகம் இருந்தால் பள்ளி சோதனை போடலாம் என்று. நம் பக்கத்து ஊர்ப் பள்ளியின் பாத்ரூம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது!

மதிய உணவு மேசைகளைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். யார் எங்கே உட்காருவது என்று எந்த விதியும் கிடையாது. ஆனால் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் எழுதாத வரைபடம் ஒன்று உருவாகிவிடும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஜன்னல் பக்கம் இரண்டு மேசை. பாதி தெலுங்கு, பாதி தமிழ், நடுவில் ஓரிரண்டு சீனப் பிள்ளைகள். பேச்சு முழுக்க, யார் எத்தனை ஏபி எடுக்கிறார்கள், யாருக்கு எஸ்ஏடி என்கிற காலேஜ் நுழைவுத் தேர்வில் எவ்வளவு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள், குறை சொல்லவில்லை. ஆனால் என் மகள் அந்த மேசையில் நாலு வருடம் உட்கார்ந்தவள். "அம்மா, நான் நாலு வருஷம் நம்ம வாட்ஸ்அப் க்ரூப்லயே சாப்பிட்டேன்" என்று பின்னால் ஒருநாள் சொன்னாள்.

என் மகன் தப்பித்தது ட்ரம்போனால். ஆகஸ்ட் மாத வெயிலில் பார்க்கிங் லாட்டில் சுண்ணாம்புப் புள்ளி போட்டு மார்ச்சிங் பேண்ட் பயிற்சி நடக்கும். எட்டு அடிவைப்புக்கு ஐந்து கஜம். அதற்கு ஒரு அங்குலம் முன்னே பின்னே போனாலும் மேலே ஏணியில் நிற்கிற ட்ரம் மேஜர் கத்துவாள். அவன் இடப் பக்கம் ஒரு போலந்துக்காரப் பெண், வலப் பக்கம் அந்தக் காலத்து எல்லையில் இந்தப் பக்கம் இருந்த ஓர் அபார்ட்மென்ட் பையன், ஈக்வடாரிலிருந்து வந்து மூன்று வருடம் ஆனவன். ஸ்கூல் கொடுத்த ட்ரம்போன், அதன் ஸ்லைடில் ஒரு நசுங்கல். அந்தப் பையனுக்கு ஆங்கிலம் தடுமாறும், ஆனால் எண்ணிக்கை தப்பாது. என் மகனுக்கு எண்ணிக்கையே வராது. நான்கு வருடம் அவன் காலைப் பார்த்துத்தான் என் மகன் அடிவைத்தான். இதை எந்த ரேட்டிங்கில் எழுதுவார்கள்?

பள்ளிப் பத்திரிகை ஒன்று வருகிறது தெரியுமா? பல வீடுகளில் தெரியாது, ஏனென்றால் பிள்ளைகளே மறைக்கிறார்கள். போன வருடம் ஸ்டடி ஹாலில் ஒரு பெண் கால்குலஸ் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினேன். ராத்திரி இரண்டு மணி வரை பத்திரிகைக்குக் கட்டுரை திருத்தினாளாம். "ஆன்ட்டி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, ரிசர்ச் ப்ரோக்ராம்னு சொல்லி வச்சிருக்கேன்." சொல்லவில்லை. இப்போதும் யார் என்று சொல்ல மாட்டேன், தேடாதீர்கள். அவள் திருத்தியது பள்ளிக் கூரை ஒழுகுவது பற்றிய கட்டுரை. வாளிகளை எண்ணியிருந்தாள், எந்த வருடம் எவ்வளவு ஒட்டுவேலைக்குச் செலவானது என்று வாரியத்தின் கணக்கைத் தோண்டியிருந்தாள். 1965-இல் அயோவா மாநிலத்தில் மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுப் பெண்ணும் இன்னும் சிலரும் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். பள்ளி வாசலில் பேச்சுரிமை உதிர்ந்துவிடாது என்று 1969-இல் தீர்ப்பு வந்தது. நம் மாநிலம் 2021-இல் மாணவர் பத்திரிகைக்கென்றே பாதுகாப்புச் சட்டம் போட்டது. நம் பெண் அதை வைத்துக்கொண்டு வாளி எண்ணுகிறாள், நாம் அவள் எத்தனை ஏபி என்று எண்ணுகிறோம்.

இப்போது உங்கள் பெட்டிஷனுக்கு வருகிறேன். அதில் எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நடுவில் பிடுங்கி நடக்கூடாது என்கிறீர்கள், ரொம்பச் சரி. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். இருக்கிற பள்ளியிலேயே முடிக்க விட வேண்டும். வகுப்பில் முப்பது பேருக்கு மேல் போகக்கூடாது என்பதும் சரி. பஸ் பயணம் நாற்பது நிமிடம் தாண்டக்கூடாது, சரி. வீட்டு விலை இறங்கிவிடும் என்கிற மூன்றாம் பத்தியைப் படித்துக் கொஞ்சம் கூசினேன், ஆனால் கடன் கட்டுகிறவர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

நான்காம் பத்திதான். அந்தப் பகுதிப் பிள்ளைகளின் 'பின்னணி' காரணமாகப் பள்ளியின் 'கல்விச் சூழல்' பாதிக்கப்படும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

அந்த அபார்ட்மென்ட் எது என்று மறந்துபோனவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறக்கும்வரை இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர் என்றுதான் இங்கே கோட்டா இருந்தது. பிறகு டாக்டர்கள் வந்தார்கள், இன்ஜினியர்கள் வந்தார்கள். 1990-க்குப் பிறகு எச்-1பி விசாவில் நாம் வந்தோம். வந்து எங்கே இறங்கினோம்? அதே செங்கல் நிற இரண்டு மாடிக் கட்டடங்கள், அதே ஹைவே சத்தம், அதே காசு போடும் வாஷிங் மெஷின் அறை. பி-பிளாக் பதினொன்றில் நாங்கள் மூன்று வருடம். இந்தக் குழுவின் அட்மின்களில் இரண்டு பேர் என் மேல்மாடியில் இருந்தவர்கள். மகள் கின்டர்கார்டன் சேர்ந்தது அந்த விலாசத்தில்தான்.

டவுன்ஷிப் நூலகத்தில் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளை மைக்ரோஃபில்மில் வைத்திருக்கிறார்கள். வேறு எதையோ தேடப் போனவள் 1990களின் வாசகர் கடிதங்களில் மாட்டிக்கொண்டேன். ஹைவே அபார்ட்மென்ட்டுகளில் வந்து குவிகிற குடும்பங்கள். ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைக்கிற செலவு. வாடகைக்கு இருப்பவர்கள் சொத்து வரி கட்டுவதில்லை. பள்ளியின் தரம் சரியும். எழுதியவர்கள் பெயர் போடவில்லை. கீழே 'கவலையுற்ற பெற்றோர்' என்று மட்டும் இருந்தது. யாரைப் பற்றி எழுதினார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். அந்தக் கடிதங்கள் வந்த சமயத்தில் நம் குடும்பங்கள் அங்கே பெட்டி பிரித்துக்கொண்டிருந்தன. உங்கள் பெட்டிஷன் கீழேயும் அதே இரண்டு வார்த்தைதான் இருக்கிறது. காப்பியடித்தது இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

வாரியத்தில் கொடுக்கும் எந்தத் தாளும் பொது ஆவணம். அடுத்த வாரம் நீங்கள் மேசையில் வைக்கப் போவதை 2050-இல் ஒருத்தி தேடி எடுத்துப் படிக்கலாம். பேரப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். நம் மாநிலத்தில்தான் ஆசிய அமெரிக்கர்களின் வரலாற்றைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று 2022-இல் சட்டம் வந்திருக்கிறதே, ப்ராஜெக்டுக்குத் தேடுவாள்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை இரவு 7 மணிக்கு. பேச நினைப்பவர்கள் வாசலில் இருக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிடம். வாரிய உறுப்பினர்கள் ஒன்பது பேரும் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிற ஊர்க்காரர்கள்; சத்தம் போட வேண்டியதில்லை. நான் மூத்த மாணவர்களை மாற்றக்கூடாது என்பதற்கும், அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு லேட் பஸ் வேண்டும் என்பதற்கும் பேசப்போகிறேன். லேட் பஸ் இல்லையென்றால் அவர்களால் பேண்டிலும் சேர முடியாது, பத்திரிகையிலும் சேர முடியாது. மூன்று மணிக்கே வீட்டுக்குப் போயாக வேண்டும். கூரையைப் பற்றியும் நேரம் இருந்தால் சொல்வேன்.

திங்கட்கிழமை இரவுக்குள் அந்த நான்காம் பத்தியை எடுத்துவிட்டால் எனக்கு லிங்கை மறுபடி அனுப்புங்கள். பேரைச் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
பி-பிளாக் பதினொன்றில் குடியிருந்தவள்